ரோமப் படைவீரனின் கோலில் தொங்கிய வெண்கலச் சட்டி

ரோம் நகரில் இன்றும் நிற்கிற டிராஜன் தூண் கி.பி. 113இல் திறக்கப்பட்டது. டானூப் ஆற்றுக்கு அப்பால் இருந்த டாசியா நாட்டின் மீது பேரரசர் டிராஜன் நடத்திய இரண்டு போர்களை அதில் கீழிருந்து மேலாகச் சுருள் சுருளாகச் செதுக்கியிருக்கிறார்கள். அடிச்சுற்றில், படகுகளைப் பிணைத்துப் போட்ட பாலத்தின் மேல் வீரர்கள் ஆற்றைக் கடக்கிறார்கள். அவர்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தோளில் ஒரு கோல், கோலின் நுனியில் துணி மூட்டை, தோல் பை, வலைப்பை, வாளி மாதிரி ஒரு பாத்திரம், அப்புறம் நீளக் கைப்பிடி வைத்த ஒரு சட்டி. ஒரு பேரரசரின் வெற்றியைக் கொண்டாட எழுப்பிய தூணில் சமையல் சட்டியையும் விடாமல் செதுக்கியிருக்கிறார்கள் என்றால், அது இல்லாத ரோமப் படைவீரனை அந்தக் காலத்து ஆட்களால் நினைத்தே பார்க்க முடியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தச் சட்டி அங்கே தொங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. ரோமப் படையில் பொதுச் சமையலறை கிடையாது. ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே இடத்தில் வடித்துக் கொட்டி, வரிசையில் நிற்க வைத்துப் பரிமாறுகிற ஏற்பாட்டை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் எத்தனையோ கோட்டைகளை அடியோடு தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். தானியக் களஞ்சியம் இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது, குளியல் கூடம் இருக்கிறது, ஆனால் வீரர்கள் கூடிச் சாப்பிடுகிற கூடம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கிடைப்பவை, வீரர்கள் தங்கிய அறைகளுக்குள்ளேயே சின்னச் சின்ன அடுப்புகள், கோட்டைச் சுவரின் உட்பக்கத்தை ஒட்டி ரொட்டி சுடும் அடுப்புகள்.

எட்டுப் பேர் ஒரு குழு. ஒரே தோல் கூடாரம், கோட்டையில் இருந்தால் ஒரே அறை. இப்படிப் பத்துக் குழு சேர்ந்தால் 80 பேர் கொண்ட ஒரு செஞ்சுரி, அதற்கு ஒரு சென்சூரியன் தலைவன். அரசு கொடுத்தது மாவு அல்ல, ரொட்டியும் அல்ல, முழுக் கோதுமை. தலைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 850 கிராம் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். எட்டுப் பேருக்கு ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதை அவர்களே திரிகையில் அரைத்து, அவர்களே கூழாகக் காய்ச்சியோ ரொட்டியாகச் சுட்டோ தின்ன வேண்டும். திரிகையும் கூடாரமும் குழுவின் கோவேறு கழுதை மேல் ஏறும், மற்றதெல்லாம் தோளில்.

இந்தச் சாப்பாடு இலவசமும் இல்லை. எகிப்தில் கிடைத்த ஒரு பப்பைரஸ் சுருளில், கி.பி. 81ஐ ஒட்டி இரண்டு வீரர்களின் சம்பளக் கணக்கு அப்படியே இருக்கிறது. வருடத்துக்கு மூன்று தவணை, ஒரு தவணைக்கு 248 டிராக்மா. அதில் சாப்பாட்டுக்கு 80 பிடித்தம், செருப்புக்கும் வாருக்கும் 12, வைக்கோலுக்கு 10. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வயிற்றுக்கே போய்விடுகிறது. தன் காசில் வந்த தானியத்தைத் தன் கையால் சமைக்கிறவனுக்குச் சட்டி எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்தே புரியும்.

சரி, சட்டிக்கு வருவோம். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை நிறையக் கிடைத்திருக்கின்றன, ஐரோப்பாவின் பல அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். ஆழமான கிண்ணம், சுமார் ஒரு லிட்டர் பிடிக்கும், சிலவற்றில் அதைவிடக் கூடுதலாகவும் பிடிக்கும். விளிம்பிலிருந்து நேராக நீண்டு வருகிற தட்டையான கைப்பிடி. கிண்ணமும் கைப்பிடியும் ஒரே வார்ப்பு என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஒட்டும் இல்லை, ஆணியும் இல்லை, அதனால் கழன்று விழ எதுவும் இல்லை. கைப்பிடியின் நுனி அகன்று வட்டமாக முடியும், அதில் கோலிலோ சுவர் ஆணியிலோ மாட்ட ஒரு துளை இருக்கும். சிலவற்றில் அந்த நுனியில் எதிரெதிராகத் திரும்பிய இரண்டு அன்னத் தலைகளைக்கூட வார்த்திருக்கிறார்கள். அன்றாடம் கரி பிடிக்கப் போகிற ஒரு பொருளுக்கு இவ்வளவு அழகு செய்திருக்கிறார்களே என்று நான் ஒவ்வொரு முறையும் வியந்து போகிறேன்.

திருப்பிப் பிடித்தால் அடியில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்ட வட்டமாக மேடும் பள்ளமும். வார்த்தெடுத்த பிறகு கடைசல் பிடித்து இழைத்ததால் வந்த வட்டங்கள் அவை. நடுவில், கடைசல் இயந்திரத்தில் பொருத்திய புள்ளிகூடப் பலவற்றில் தெரியும். இந்த வட்டங்கள் எதற்கு என்று பல விளக்கம் சொல்கிறார்கள்: நெருப்பில் படுகிற பரப்பு கூடும், கல்லடுப்பில் வழுக்காமல் உட்காரும், சூட்டில் அடி நெளியாமல் இருக்கும். எனக்கு மூன்றாவதுதான் சரியாகப் படுகிறது. பக்கச் சுவரை மெல்லிசாகவும் அடியைக் கனமாகவும் விட்டிருப்பதைப் பார்த்தால், அடி கெட்டுவிடக் கூடாது என்பதில் செய்தவனுக்கு இருந்த அக்கறை தெரிகிறது.

ஏன் வெண்கலம், ஏன் இரும்பு இல்லை? ரோமர்களிடம் இரும்புக்குப் பஞ்சமே இல்லை, வாளும் ஈட்டியும் கோடாரியும் ஆணியும் அதில்தான் செய்தார்கள். ஆனால் அவர்களுடைய உலைகளில் இரும்பு உருகி ஓடாது, பஞ்சுபோன்ற கட்டியாகத்தான் வெளியே வரும், அதை அடித்து அடித்துத்தான் உருக்கொடுக்க வேண்டும். இரும்பை உருக்கி வார்க்கிற கலை அந்தக் காலத்தில் சீனாவில் இருந்தது, ரோமில் இல்லை. ஆகவே ஆழமான இரும்புச் சட்டி வேண்டுமென்றால் கொல்லன் தகட்டை மணிக்கணக்கில் தட்ட வேண்டும். வெண்கலமோ சுமார் 1000 டிகிரியில் உருகி ஓடிவிடும், அச்சில் ஊற்றினால் சட்டி, நூறு வேண்டுமென்றால் நூறு. துருப்பிடிக்காது, நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம், ஓட்டை விழுந்தால் தகடு வைத்து ஒட்டுப் போடலாம், ஒன்றுக்கும் ஆகாமல் போனால் உருக்கி விற்கலாம்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ரோம வீரன் தினமும் குடித்தது போஸ்கா, அதாவது புளித்த மட்ட ஒயினில் தண்ணீர் கலந்தது. புளிப்பு பட்டால் வெண்கலத்தில் களிம்பு ஏறும், களிம்பு ஏறியதில் சமைத்துத் தின்றால் வாந்திதான். அதனால் உட்புறம் முழுக்க வெள்ளீயம் பூசினார்கள். கி.பி. 79இல் இறந்த ரோம எழுத்தாளர் பிளினி இதை எழுதியே வைத்திருக்கிறார்: ஈயம் பூசினால் சுவை கூடும், களிம்பின் நஞ்சு அடங்கும், ஆச்சரியம் என்னவென்றால் பாத்திரத்தின் எடை கூடுவதே இல்லை என்கிறார். இன்றைக்கும் சில சட்டிகளின் உட்புறத்தில் அந்த வெள்ளைப் பூச்சு திட்டுத் திட்டாக மிஞ்சியிருப்பதைப் பார்க்கலாம்.

இந்த ஈயப் பூச்சிலிருந்து இன்னொரு விஷயமும் தெரிகிறது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். ஈயச் சொம்பில் ரசம் வைக்கிற வீடுகளில், ரசத்தை ஊற்றாமல் சொம்பை அடுப்பில் ஏற்றினால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே கதைதான் இங்கேயும். உள்ளே தண்ணீர் இருக்கிற வரை சூடு 100ஐத் தாண்டாது, பூச்சு பத்திரமாக இருக்கும். வெறும் சட்டியைக் காயவிட்டாலோ கொழுப்பில் கறியைப் பொரித்தாலோ பூச்சு போய்விடக்கூடும். ஆக, இது கூழுக்கும் கஞ்சிக்கும் அவித்த பருப்புக்கும் வெந்நீருக்குமான சட்டி. பொரிக்கவும் சுடவும் வேறு சாமான்கள் இருந்தன: இரும்பு வாணலி, அதிலும் மூட்டையில் அடங்கும்படி கைப்பிடியை மடக்கி வைக்கிற வகை பிரிட்டனில் கிடைத்திருக்கிறது, கறியை வாட்ட இரும்புக் கம்பித் தட்டு, இறைச்சி கோக்கும் கம்பி. எட்டுப் பேருக்கும் சேர்த்துக் காய்ச்ச, வெண்கலத் தகட்டில் அடித்து இரும்பு வளையக் காது வைத்த பெரிய குண்டான்களும் இருந்தன.

இந்தச் சட்டி சமையலுக்கே இல்லை, ஒயின் கலக்கவும் சூடாக்கவும் பரிமாறவும்தான் என்று ஒரு தரப்பு ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பல இடங்களில் இதே வடிவச் சட்டியும் அதற்குள் அப்படியே உட்காரும் வடிகட்டியும் ஜோடியாகக் கிடைத்திருப்பது அவர்களுக்கு வலுவான ஆதாரம். பணக்கார வீட்டு விருந்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரு மூட்டையில் தன் வாழ்க்கையையே கட்டித் தூக்கிக்கொண்டு போகிறவன், இது ஒயினுக்கு, அது கூழுக்கு என்று இரண்டு சட்டி சுமப்பான் என்று நான் நம்பவில்லை. காய்ச்சவும் அதுதான், தட்டும் அதுதான், குவளையும் அதுதான், ஆற்றில் தண்ணீர் மொண்டு வரவும் அதுதான். டிராஜன் தூணில் செதுக்கிய சிற்பி அதை விருந்து மேசையில் வைக்கவில்லை, கோலில்தான் தொங்கவிட்டிருக்கிறான்.

எத்தனை பாத்திரம் வைத்துக்கொள்ளலாம் என்பது தளபதிகளுக்கு ஒழுங்குப் பிரச்சினையாகவே இருந்தது. ஸ்பெயினில் நுமான்சியா என்ற ஊரைப் பிடிக்க முடியாமல் ரோமப் படை வருடக்கணக்கில் அவமானப்பட்டுக்கொண்டிருந்தது. கி.மு. 134இல் அந்தப் படைக்குத் தலைவனாக வந்த சிப்பியோ எமிலியானஸ் முதல் வேலையாக முகாமைச் சுத்தம் செய்தான். வியாபாரிகள், விலைமாதர்கள், குறி சொல்கிறவர்கள் எல்லாரையும் வெளியே துரத்தினான். வண்டிகளையும் அவற்றில் இருந்த தேவையில்லாத சாமான்களையும் விற்கச் சொன்னான். அப்புறம் ஆளுக்கு ஒரு இறைச்சிக் கம்பி, ஒரு வெண்கலச் சட்டி, ஒரு குவளை, இதற்கு மேல் ஒன்றும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று உத்தரவு போட்டான். சாப்பாடும் அவித்தது அல்லது சுட்டது மட்டும். கட்டிலில் படுக்கத் தடை, தானே முதலில் வைக்கோலில் படுத்துக் காட்டினான். இதை எழுதி வைத்தவர் வரலாற்றாசிரியர் அப்பியன். ஒரு தளபதி எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் பிடுங்காமல் விட்ட மூன்று பொருட்களில் இந்தச் சட்டி ஒன்று. மறு வருடம் நுமான்சியா விழுந்தது.

இதற்குப் பிறகு ரோமத் தளபதி மாரியஸ் காலத்தில் வீரர்கள் தங்கள் சாமானைக் கோலில் கட்டித் தாங்களே சுமப்பது பரவலான வழக்கமாகி, அவர்களுக்கு ‘மாரியஸின் கோவேறு கழுதைகள்’ என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. யூதப் போரின்போது ரோமப் படையை நேரில் பார்த்த யூத வரலாற்றாசிரியர் ஜோசப்பஸ், காலாள் ஒருவன் சுமந்ததைப் பட்டியல் போடுகிறார்: ரம்பம், கூடை, மண்வெட்டி, கோடாரி, வார், அரிவாள், சங்கிலி, மூன்று நாள் உணவு. பாரம் சுமக்கும் கோவேறு கழுதைக்கும் இவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்கிறார். சட்டியை அவர் சொல்லவில்லை. ஆனால் மூன்று நாள் தானியத்தைச் சட்டி இல்லாமல் என்ன செய்வது?

ஏன் இப்படி ஆளாளுக்குச் சமைக்க விட்டார்கள்? பின்தங்கிய ஏற்பாடு என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு இது ரோமப் படையின் பெரிய பலங்களில் ஒன்றாகத் தெரிகிறது. பொதுச் சமையலறை என்றால் பெரிய அண்டாக்கள், அண்டாக்களுக்கு வண்டிகள், வண்டிகளுக்கு மாடுகள், மாடுகளுக்குத் தீனி, எல்லாவற்றுக்கும் நல்ல சாலை. ஒரு வண்டி சேற்றில் மாட்டினால் நூறு பேருக்குப் பட்டினி. எட்டுப் பேருக்கு ஒரு அடுப்பு என்று பிரித்துவிட்டால், 80 பேரைத் தனியாக ஒரு மலைக் காவல் கோபுரத்துக்கு அனுப்பினாலும் அன்று சாயங்காலமே கூழ் கொதிக்கும். 1985இல் ஜெர்மன் ஆய்வாளர் மார்கஸ் யுங்கல்மான் சிலரைச் சேர்த்துக்கொண்டு, ரோம வீரர்களின் உடை, ஆயுதம், மூட்டை எல்லாவற்றோடும் இத்தாலியின் வெரோனாவிலிருந்து ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ஆக்ஸ்பர்க் வரை நடந்தே போனார். அந்தக் காலத்து உணவுமுறையை அவர் அப்புறமும் செய்து செய்து பார்த்திருக்கிறார். ஒரு சின்னக் குழு, ஒரு திரிகை, ஒரு அடுப்பு என்ற ஏற்பாடு நடைமுறையில் ஓடக்கூடியதுதான் என்பது அவருடைய வேலையிலிருந்து தெரிகிறது.

வீரர்களோடு வீரராக இருப்பதாகக் காட்டிக்கொள்ள விரும்பிய பேரரசர்களும் இந்த அடுப்புக்குத்தான் வந்தார்கள். ஹேட்ரியன் முகாமில் பன்றிக் கொழுப்பும் பாலாடைக்கட்டியும் போஸ்காவும் சாப்பிட்டதாகச் சொல்வார்கள். கரக்கல்லா தன் பங்குக் கோதுமையைத் தானே கையால் அரைத்து, தணலில் ரொட்டி சுட்டுத் தின்றான் என்று வரலாற்றாசிரியர் ஹெரோடியன் எழுதுகிறார்.

சட்டிக்குள் என்ன கொதித்தது என்பதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. வட இங்கிலாந்தில் ரோம எல்லையாக எழுப்பிய ஹேட்ரியன் சுவருக்குப் பக்கத்தில் உள்ள வின்டோலாண்டா கோட்டையில், கி.பி. 100ஐ ஒட்டிய மெல்லிய மரத்தகட்டு ஏடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அவற்றில் ஒரு கணக்கில், தாப்போவின் மகன் காம்பாக்ஸ் என்பவன் பெயருக்கு எதிரே மிளகு, 2 டெனாரியஸ் (ரோம வெள்ளிக் காசு) என்று எழுதியிருக்கிறது. அதற்கும் முன்பே, ஜெர்மனியில் லிப்பே ஆற்றங்கரையில் கி.மு. 11இல் அமைத்துச் சில வருடங்களிலேயே கைவிட்ட ஓபராடன் முகாமில் மிளகு மணிகளே கிடைத்திருக்கின்றன. சேர நாட்டு மலைகளில் விளைந்து முசிறி வழியாகக் கப்பலேறிய சரக்கு அது. அந்தக் கப்பல்கள் திரும்பி வரும்போது செம்பும் வெள்ளீயமும் காரீயமும் ஏற்றி வந்தன என்று அந்தக் காலத்துக் கிரேக்க வணிகக் குறிப்பு ஒன்று சொல்கிறது. சட்டி செய்த அதே உலோகங்கள் இங்கே வந்தன, சட்டியில் போட்ட மிளகு இங்கிருந்து போனது.

இனி கைப்பிடியைப் படிப்போம். ரோம் நகருக்குத் தெற்கே கம்பானியா பகுதி, குறிப்பாகக் கபுவா, வெண்கலப் பாத்திரத்துக்குப் பேர்போனது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே ரோம எழுத்தாளர் கேட்டோ, வெண்கலப் பாத்திரம் வாங்க வேண்டுமா, கபுவாவுக்கும் நோலாவுக்கும் போ என்று பண்ணைக்காரர்களுக்கு யோசனை சொல்லியிருக்கிறார். முதல் நூற்றாண்டில் அந்தப் பகுதியின் பட்டறைகள் கைப்பிடியில் தங்கள் முத்திரையைக் குத்தின. மிகப் பிரபலமானது பப்ளியஸ் சிப்பியஸ் பாலிபியஸ் என்பவருடையது. பெயரில் உள்ள கிரேக்கப் பகுதியைப் பார்த்தால், அடிமையாக இருந்து விடுதலை பெற்றவராக இருக்கலாம். அவர் முத்திரை இத்தாலியின் பாம்பேய் நகரில் கிடைக்கிறது, ரைன் கரைக் கோட்டைகளில் கிடைக்கிறது, ஸ்காட்லாந்தில் டவுல்டன் ஏரியை 1863இல் வடித்தபோது அங்கேயும் ஒன்று கிடைத்தது, ரோம ஆட்சியே எட்டாத ஸ்காண்டினேவியாவிலும் கிடைக்கிறது. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை பாம்பேயைப் புதைத்ததால், அதற்கு முன்பே இந்தப் பட்டறை ஓடிக்கொண்டிருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஒரு கோட்டையின் காலத்தைக் கணிக்க இப்படி ஒரு முத்திரை பெரிய உதவி. பின்னால் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுப் பட்டறைகள் இந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டன.

முத்திரைக்குப் பக்கத்திலேயே, புள்ளி புள்ளியாகக் கூர்முனையால் குத்திய இன்னொரு எழுத்து இருக்கும். அது வீரனின் கை: தன் பெயர், முன்னால் செஞ்சுரிக்கான குறி, சென்சூரியனின் பெயர். எண்பது பேரிடமும் ஒரே மாதிரிச் சட்டி இருக்கும்போது வேறென்ன செய்வது. ரோமத் தலைக்கவசங்களில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு பேர் பெயர்கூட இருப்பதுண்டு, வெண்கலம் அவ்வளவு காலம் உழைக்கும். பட்டறை முதலாளியின் முத்திரையைவிட இந்தக் கோணல் புள்ளிகள்தான் என்னை அதிக நேரம் பிடித்து வைக்கின்றன, ஏனென்றால் இந்த ஆட்களில் பெரும்பாலோர் பெயர் வரலாற்றில் வேறெங்கும் கிடையாது.

உலோகப் பாத்திரம் ஏன் மண்பாத்திரத்தைப் போலக் குவியல் குவியலாகக் கிடைப்பதில்லை என்றால், யாரும் அதைத் தூக்கி எறியவில்லை. உடைந்த பானை குப்பைக்குப் போகும், உடைந்த சட்டி உலைக்குப் போகும். தப்பியவை எல்லாம் ஏதோ விபரீதத்தால் தப்பியவை. ஸ்காட்லாந்தின் நியூஸ்டெட் கோட்டையை 1905 முதல் 1910 வரை தோண்டிய ஜேம்ஸ் கர்ல், அங்கிருந்த ஆழமான குழிகளிலிருந்தும் கிணறுகளிலிருந்தும் குண்டான்களையும் சட்டிகளையும் வெளியே எடுத்தார். ஜெர்மனியில் நொய்போட்ஸ் என்ற ஊரில் ரைன் ஆற்றுச் சரளைக்கல் அள்ளும்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள், மொத்தம் சுமார் 700 கிலோ, மேலே வந்தன. மூன்றாம் நூற்றாண்டில் ரோம எல்லைக்குள் புகுந்து சூறையாடிய ஜெர்மானியர்கள் கொள்ளையோடு ஆற்றைக் கடக்கையில் மூழ்கிப்போன சரக்கு என்று கருதுகிறார்கள். அதில் தங்கத்தைவிடச் சமையல் பாத்திரம்தான் ஏராளம். யூதேயாவில் நாஹல் ஹேவர் பள்ளத்தாக்கின் குகையில் யிகேல் யாடின் 1960-61இல் கண்டெடுத்த வெண்கலப் பாத்திரங்கள், கி.பி. 132-135இல் ரோமை எதிர்த்த யூதக் கிளர்ச்சிக்காரர்கள் ரோமப் படையிடமிருந்து பறித்தவை என்பது அவருடைய கருத்து. அவற்றில் கைப்பிடி வைத்த ஒரு தட்டமும் உண்டு. பாத்திரங்களில் இருந்த தெய்வ உருவங்களின் முகங்களை அந்தக் கிளர்ச்சிக்காரர்கள் தேய்த்து அழித்திருக்கிறார்கள். விக்கிரகம் வேண்டாம், பாத்திரம் வேண்டும்.

கடைசியாக ஒன்று. 2003இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் உலோகம் தேடும் கருவி வைத்துத் தேடியவர்களுக்கு இதே வடிவச் சட்டி ஒன்று கிடைத்தது. அடியும் கைப்பிடியும் போய்விட்டன, கிண்ணம் மட்டும் மிச்சம். ஆனால் அது அடுப்பில் வைப்பதற்கு இல்லை. வெளிப்புறம் முழுக்க நீலம், சிவப்பு, மஞ்சள் எனாமல் சுருள்கள், விளிம்பைச் சுற்றி ஹேட்ரியன் சுவரின் மேற்குப் பக்கக் கோட்டைகள் நான்கின் பெயர்கள், கூடவே ஏலியஸ், டிராகோ என்று இரண்டு பெயர்கள். ஏலியஸ் என்பது ஹேட்ரியனின் குடும்பப் பெயரும்கூட. ஏலியஸ் டிராகோ என்று ஆளின் முழுப் பெயராகவும் படிக்கலாம், ‘ஏலியஸின் சுவர்’, அதாவது ஹேட்ரியனின் சுவர் என்று பிரித்தும் படிக்கலாம், அறிஞர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். எப்படிப் படித்தாலும், எல்லையில் வேலை பார்த்த ஒருவனின் ஞாபகப் பொருள் என்பதே பொருத்தமாகப் படுகிறது. அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த வடிவம் வாள் அல்ல, கேடயமும் அல்ல, சட்டி. பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் ஸ்டோக், கார்லைல் நகர அருங்காட்சியகங்களும் சேர்ந்து அதை வாங்கின. மூன்றுக்கும் அது பொதுச் சொத்து.